உச்சி வெயிலில் லைனுக்குப் போகிறவர்களுக்கு

சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் வண்டியை நம்பிப் பிழைக்கிற அண்ணாச்சிமார், தம்பிமார், அக்கா தங்கச்சிமார் எல்லோருக்கும்,

உங்களில் பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது. சுமையை வைத்துத்தான் தெரியும். விடியுமுன்னே பிச்சியும் மல்லியும் மூட்டை கட்டி மார்க்கெட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, வெறும் சாக்கை மடித்து சீட்டில் விரித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர். தறிக்குப் பாவும் நூலும் பின்னால் கட்டி, ஆள் தெரியாமல் மூட்டை மட்டும் நகர்வதுபோலப் போகிறவர். டி.வி.எஸ். 50-யில் மீன் பெட்டியை வைத்துக்கொண்டு தெருமுனையில் ஹார்ன் அடிக்கிறவர். பிளாஸ்டிக் குடங்களைக் கோபுரமாக அடுக்கிக் கட்டியவர். குழுக் கடன் தவணை வசூலுக்கு நோட்டும் பையுமாக ஊர் ஊராகப் போகிற பிள்ளைகள். மருந்து, பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டி என்று கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர்கள். உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நம் ஊரில் ஒரே பெயர்தான்: லைனுக்குப் போகிறவர்கள்.

நானும் 24 வருஷம் லைனுக்குப் போனவன். ஒரு மொத்தக் கடைக்கு ஆர்டர் எடுக்கவும் வசூல் பண்ணவும். திங்கள் புளியங்குடி, வாசுதேவநல்லூர். செவ்வாய் குருவிகுளம், திருவேங்கடம். புதன் கழுகுமலை, கோவில்பட்டி. வியாழன் பனவடலிசத்திரம், தேவர்குளம், மானூர். வெள்ளி வீரசிகாமணி, சேர்ந்தமரம், சுரண்டை. சனிக்கிழமை விட்டுப்போன பாக்கி. இப்போது ஓடுவதில்லை, சின்னதாக ஒரு கடை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். கடை முன்னால் நீங்கள் போவதும் வருவதும் தெரியும். சித்திரை, வைகாசி மதியம் இரண்டரை மணிக்கு, கண் சிவந்து, உதடு வெடித்து, ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு நீங்கள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டு நிறுத்த வேண்டும்போல இருக்கும். கூப்பிட்டால் நிற்க மாட்டீர்கள். அந்த வயதில் நானும் நின்றதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2003 மே மாதம், ஒரு புதன்கிழமை. கோவில்பட்டியில் வசூலை முடித்துவிட்டு, சாப்பிட்ட கையோடு இரண்டு மணி வாக்கில் கிளம்பினேன். கழுகுமலை தாண்டியதும் இருபுறமும் கரிசல் வெட்டவெளி. காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல முகத்தில் மோதியது. ஆனால் எனக்கு வேர்க்கவே இல்லை. சட்டையில் உப்புக் கோடுகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. தாகமும் பெரிதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் கையில் புல்லரித்தது, குளிரெடுப்பதுபோல. ஒரு பஸ் ஹார்ன் கேட்டது. முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா என்று தெரியவில்லை. அதற்கு நான் செய்த காரியம்தான் இன்று நினைத்தாலும் அடிவயிற்றைக் கலக்குகிறது: ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன். சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உறுதியாக நம்பினேன்.

கண் விழித்தபோது ரோட்டோரப் பள்ளத்தில் முள்ளுக்குள் கிடந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு ஆச்சிகள் உடைமர நிழலுக்கு இழுத்துப்போட்டு, ஆடுகளுக்கென்று வைத்திருந்த கேன் தண்ணீர் முழுவதையும் தலையிலும் நெஞ்சிலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பால் வீசினார்கள். ஒருவர் கேட்டார், "ஆடே நிழல்ல படுத்துட்டு. உனக்கு என்னய்யா அவசரம்?" வசூல் பை அலுங்காமல் என் தலைமாட்டில் இருந்தது. அவர்கள் அன்று செய்த வைத்தியம் எவ்வளவு சரியானது என்பது பல வருஷம் கழித்து, இதையெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். வெயில் நம்மிடமிருந்து முதலில் பறிப்பது தண்ணீரையோ தெம்பையோ இல்லை, நிதானத்தை. மயக்கம் வருவதற்கு முன்பே புத்தி தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த புத்திக்குத் தான் தளர்ந்திருப்பது தெரிவதில்லை. 'முடியாவிட்டால் நின்றுகொள்ளலாம்' என்று கிளம்பினால், முடியாமல் போகிற அந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வதற்கு உள்ளே ஆள் இருக்காது. எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது என்பதைக் காலையில், தலை குளிர்ந்திருக்கும்போதே முடிவு பண்ண வேண்டும்.

நம் பத்திரிகைகளில் மார்ச் மாதமே 'வெயில் சதமடித்தது' என்று போடுவார்கள். நூறு டிகிரி பாரன்ஹீட். செல்சியஸில் 37.8. இந்த எண்ணை லைனுக்குப் போகிறவர்கள் வேறு மாதிரிப் படிக்க வேண்டும். நம் உடம்பின் உள்சூடு 98.6, தோலின் சூடு அதற்கும் கொஞ்சம் கீழே. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வண்டியில் போகும்போது முகத்தில் படுகிற காற்று உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சதத்தைத் தாண்டிவிட்டால் கணக்கு தலைகீழ். அப்போது காற்று உடம்புக்குள் சூட்டைக் கொண்டுவருகிறது. வேகமாகப் போகப் போக அதிகமாகக் கொண்டுவருகிறது. 'வண்டியை நிறுத்தினால்தான் வேகுது, ஓட்டினால் ஜிலுஜிலுவென்று இருக்கு' என்கிற நம் அனுபவம் தை மாசி வெயிலுக்குச் சரி. கத்திரி வெயிலில் அது நம்மை ஏமாற்றிவிடும். அந்த நேரத்தில் உடம்பைக் காப்பாற்றுவது வேர்வை உலர்வது ஒன்றுதான். வண்டிக் காற்றில் அது தோலில் நிற்காமல் உடனே உலர்ந்துவிடுவதால், எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது நம் கண்ணுக்கே தெரியாது. எனக்கு அன்று வேர்க்கவில்லை என்று நினைத்தேனே, வேர்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. சட்டையில் இருந்த உப்பு அதன் கணக்கு.

இன்னொன்று. பாளையங்கோட்டையில் 102 என்று பேப்பரில் வந்தால், அது வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், நிழலில், தரையிலிருந்து ஆள் நெஞ்சு உயரத்தில் வைத்த மானி காட்டுவது. நீங்கள் இருப்பது நேர் வெயிலில். கீழே தார் ரோடு கை வைக்க முடியாதபடி 60 டிகிரி செல்சியஸையும் தாண்டும். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் காற்றால் மட்டுமே குளிர வேண்டிய எஞ்சின் ஒன்று கொதித்துக்கொண்டிருக்கிறது. பேப்பர் எண் உங்களுடையது இல்லை. உங்களுடையது அதற்கு மேலே.

நேரத்தைப் பற்றியும் ஒரு தப்புக் கணக்கு நம்மிடம் இருக்கிறது. சூரியன் நம் ஊரில் தலைக்கு நேர் மேலே வருவது சித்திரை பிறக்கிற நாளை ஒட்டி. அன்று உச்சிப்பொழுதில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. உச்சி என்பது நம் கடிகாரத்தில் சுமார் 12.20. அது கழிந்துவிட்டால் வெயில் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் தரை வாங்கிய சூட்டையெல்லாம் காற்றுக்குக் கொடுத்து, காற்றின் சூடு உச்சத்துக்கு வருவது இரண்டிலிருந்து மூன்றரைக்குள். ஒரு மணிக்கு ஓட்டலில் சாப்பாடு, இரண்டு மணிக்குக் கிளம்பல் என்பது நாம் எல்லோரும் காலங்காலமாகக் கடைப்பிடிக்கும் ஏற்பாடு. நாளிலேயே மோசமான நேரத்தை, வயிறு நிறையச் சோற்றோடும் கண்ணில் தூக்கத்தோடும் தேர்ந்தெடுத்திருக்கிறோம். காலை ஆறரைக்கே கிளம்பி பதினொன்றரைக்கு ஒதுங்குங்கள். மறுபடி நான்கு மணிக்கு எடுங்கள். பூ வியாபாரத்துக்கும் மீனுக்கும் இது ஏற்கெனவே பழக்கம்தான். கஷ்டம், கடைச் சரக்குக்காரர்களுக்கும் வசூல்காரர்களுக்கும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புழுக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதை வெயிலாகவே மதிப்பதில்லை. மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வறண்டு கிடக்கும் நம் ஊரில் பானைத் தண்ணீர் பல் கூசும். அதே பானையைத் தூத்துக்குடிக் கடற்கரையில் வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பானையின் மேல் கசிகிற ஈரம் உலர்ந்தால்தான் உள்ளே குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது உலராது. உடம்பும் அப்படித்தான். புழுக்கத்தில் வேர்வை ஆறாக ஓடும், ஆனால் ஒரு பிரயோஜனமும் இருக்காது. கோடை மழை பெய்த மறுநாள், அல்லது லைன் தூத்துக்குடி பக்கம் போகிற நாள், மானியில் எண் குறைவாக இருக்கும், ஆபத்து குறையாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், திடகாத்திரமான இளைஞர்களை வெப்பமும் ஈரமும் கூடிய அறைக்குள் வைத்துச் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். மானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கிற கணக்கில் 35 டிகிரி வரை மனித உடம்பு தாங்கும் என்றுதான் அதற்கு முன் கருதிவந்தார்கள். சோதனையில் சுமார் 31-லேயே உள்சூடு கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கிவிட்டது. அதுவும் இளவட்டங்களுக்கு, லேசான வேலையில்.

கோடை இல்லாத மாதத்திலும் இது நடக்கும். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப் படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். கத்திரி முடிந்து நான்கு மாதம் கழித்து, கடற்கரையில். நம் ஆடித்தபசுக் கூட்டத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு நிற்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

சரி, என்ன குடிப்பது? தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊர் தாண்டினால் ஒரு தம்ளர் என்றாலும் நம் லைனில் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஒரேயடியாக இரண்டு பாட்டிலைக் கவிழ்ப்பதில் பயனில்லை, உடம்பு அவ்வளவு வேகமாக எடுத்துக்கொள்ளாது. வெறும் தண்ணீராகவே நாள் முழுக்கக் குடித்தால் இழந்த உப்பு திரும்பாது. கெண்டைக்கால் பிடித்து இழுப்பது அதனால்தான். மோரில் உப்பு போடச் சொன்னவர்கள், எலுமிச்சை சர்பத்தில் உப்பா சர்க்கரையா என்று கேட்டு இரண்டையும் போட்டவர்கள், காலையில் கம்மங்கூழும் நீராகாரமும் குடித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள். பக்கத்தில் புளியங்குடி எலுமிச்சை இருக்கிறது, பனங்காட்டில் பதநீரும் நுங்கும் இருக்கிறது. நமக்கு இதில் குறையே இல்லை.

மெடிக்கலில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் பொடிப் பாக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அதில் அச்சிட்டிருக்கும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு அட்டைப்பெட்டியில் வந்த இனிப்புத் தண்ணீர்கள் பல வருஷம் நம்மை ஏமாற்றின. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அவற்றில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு, கரண்டியைத் தலைதட்டி அளந்து. சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் இதையே தினசரிப் பானமாக்காமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷருக்குச் சிலருக்குக் கொடுக்கிற மாத்திரை சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும். கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்பது நல்லது. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

மதியம் பன்னிரண்டுக்கு டாஸ்மாக் திறக்கிறது. 'பீர் குளிர்ச்சி' என்று சொல்லிக்கொண்டு போகிற தம்பிமார்களை நான் பார்க்கிறேன். அது உடம்பிலுள்ள தண்ணீரையும் சேர்த்து வெளியே தள்ளும். ஏற்கெனவே வெயில் தளர்த்திய நிதானத்தை அது மிச்சமில்லாமல் எடுத்துவிடும். உங்களைப் பெற்றவர்கள் இடத்திலிருந்து கேட்கிறேன், வேண்டாம்.

அக்கா தங்கச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போகிற கிராமச் செவிலியர்கள், குழுப் பொறுப்பாளர்கள், வசூலுக்குப் போகிற பெண் பிள்ளைகள் பலர் காலையில் கிளம்பினால் வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும், கேட்டிருக்கிறேன்: ஒதுங்க இடமில்லை. ஆணாகப் பிறந்த எங்களுக்கு ரோட்டோர மரம் போதும் என்று இருந்துவிட்டதால், இதை ஒரு பிரச்சினையாகவே நாங்கள் பேசவில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். வெயிலோடு, கழிப்பறை இல்லாததால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் சேர்ந்து சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்பது அதில் வெளியே வந்தது. வெயிலில் வேலை பார்க்கும் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும் அதே குழுவினர் 800 பெண்களிடம் நடத்திய ஆய்வில் கண்டார்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். லைனில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சுகாதார நிலையம், எந்தக் கடைக்கார அம்மா வீடு என்று உங்களுக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்களும் இதைப் படித்தால், ஒரு தங்கச்சி தயங்கி நின்றால் கேட்காமலே உள்ளே கைகாட்டுங்கள்.

உடுப்பில் நம் ஆட்கள் செய்வது பெரும்பாலும் நேர்மாறு. காற்றுப் படட்டும் என்று அரைக்கை, மேல் பட்டன் இரண்டு திறப்பு. சதமடித்த வெயிலில் திறந்த தோலில் படுவது காற்று இல்லை, அனல். முழுக்கை பருத்திச் சட்டை, வெளிர் நிறத்தில், கொஞ்சம் தொளதொளப்பாக. நம் ஊர்த் தறியில் நெய்யாத பருத்தியா? ஒரு துண்டை நனைத்துக் கழுத்தில் சுற்றி, சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை மறுபடி நனையுங்கள். வறண்ட காற்றில் இதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை. தண்ணீர் பாட்டிலுக்கும் இதே வழி: பழைய பருத்திக் காலுறைக்குள் பாட்டிலை நுழைத்து, நனைத்து, ஹேண்டில்பாரில் தொங்கவிடுங்கள். வண்டிக் காற்றில் ஈரம் உலர உலரத் தண்ணீர் பானைத் தண்ணீராகிவிடும்.

ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம், இப்போது அபராதம் ஆயிரம் ரூபாய் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அன்று பள்ளத்தில் விழுந்தபோது என் தலையில் அது இல்லை; இடது காதுக்கு மேல் இன்றும் மழை நாளில் வலிக்கிறது. உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டுங்கள், நனைத்தே கட்டலாம். உள் பஞ்சைக் கழற்றித் துவைக்கிற மாதிரி வாங்கி, வாரம் ஒருமுறை துவையுங்கள். நிறுத்தும்போது பெட்ரோல் டேங்கின் மேல் வைக்காதீர்கள். உள்ளிருக்கும் தெர்மோகோலை ஆவி கெடுக்கும்.

வண்டி விஷயத்தில் இரண்டு மூன்று கட்டுக்கதைகள் ஒவ்வொரு கோடையிலும் வாட்ஸ்அப்பில் வரும். வெயில் காலத்தில் டயரில் காற்றைக் குறைத்து வை என்பது ஒன்று. இது உயிருக்கே உலை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரியும். அதில் பிறக்கிற சூடுதான் டயரைக் கிழிக்கும். பாவு மூட்டை கட்டிய பின்சக்கரத்தில் நினைத்துப் பாருங்கள். கம்பெனி சொன்ன அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். மதியம் சூட்டில் அளந்து, அதிகமாகக் காட்டுகிறதே என்று திறந்துவிடாதீர்கள். இரண்டாவது, டேங்கை நிறைத்தால் வெடிக்கும் என்பது. இந்தியன் ஆயில் நிறுவனமே இதை மறுத்து அறிக்கை விட்டது. கோடையோ குளிரோ, வண்டிக் கம்பெனி குறித்திருக்கும் அளவுவரை நிரப்பலாம். அந்த அளவைத் தாண்டி மூடி வரைக்கும் நிரப்பினால் வெடிக்காது, வழியும். பத்து லிட்டர் பெட்ரோல் இருபது டிகிரி சூடேறினால் 200 மில்லி அளவுக்கு விரியும். வெயிலில் நிறுத்திய வண்டியில் அது மூடி வழியாகத்தான் வெளியே வர வேண்டும். மின்சார வண்டி வைத்திருப்பவர்கள், வெயிலில் ஓடி வந்ததும் சார்ஜ் போடாமல் பேட்டரியை ஆறவிடுங்கள். படுக்கிற அறையிலும், வாசலை அடைத்த மாதிரியும் சார்ஜ் வேண்டாம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து, ஒரு தகப்பனும் மகளும் புகையில் இறந்ததை மறக்க முடியாது.

கூட வருகிற ஆள் திடீரென்று எரிச்சலாகப் பேசினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நடை தள்ளாடினால், தலைவலி, குமட்டல் என்றால் வேர்வை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சாவியை எடுத்துவிடுங்கள். நிழலில் படுக்க வைத்து, உடுப்பைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வருகிறவரை ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் விடக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. அந்த ஆச்சிகள் செய்தது இவ்வளவுதான்.

இனி முதலாளி விஷயம். 'அண்ணாச்சி, நீங்க சொல்லுவீங்க, டார்கெட்டை யாரு முடிப்பா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம். வெள்ளத்தையும் புயலையும் போல வெயிலையும் அரசு பேரிடர் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, புயல் நாளில் லைனுக்கு அனுப்பாத முதலாளி இந்த நாளிலும் மதிய நேரத்தை மாற்றித்தர வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தனியாகக் கேட்டால் சோம்பேறி என்பார்கள். ஒரே ஏரியாவில் ஓடுகிற பத்துப் பேர், வேறு வேறு கம்பெனியாக இருந்தாலும், ஒரே வாரத்தில் கேளுங்கள். மதியம் கடைக்காரரும் தூங்குகிறார், ஆர்டரும் கிடைப்பதில்லை என்பதை உங்கள் பில் புத்தகத்தின் நேரத்தை வைத்தே காட்டலாம். நான் வேலையை விடும் முன் கடைசி மூன்று கோடை இப்படித்தான் ஓட்டினேன். வசூல் குறையவில்லை.

நிற்க இடம் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2025 ஜூனில் சென்னை மாநகராட்சி அண்ணாநகரில், சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகளுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை கட்டித் திறந்தது. நமக்குக் குளிர்சாதனம் வேண்டாம். ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பானை, பக்கத்தில் பூட்டாத கழிப்பறை. நம் தெற்குச் சீமைக்கு இது புதிதும் இல்லை. திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற பனவடலிசத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்: பனை, வடலி, சத்திரம். நிழலும் தங்குமிடமும் ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன. தலைச்சுமையோடு போனவன் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்கட்டும் என்று ஆள் உயரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் நம் பாட்டன்மார். சுமை தலையிலிருந்து பின்சீட்டுக்கு மாறியதும் இறக்கி வைக்கிற இடத்தைப் பற்றி நாம் யோசிக்காமல் விட்டுவிட்டோம். ரோடு அகலமானதும் புளியமரங்களும் போயின. நகராட்சியிலும் பஞ்சாயத்துகளிலும் கோடைக்குக் கோடை தண்ணீர்ப் பந்தல் திறக்கிறார்கள், நல்ல காரியம். அவற்றில் பாதியை ஊருக்குள் வைக்காமல், இரண்டு ஊருக்கு நடுவில் நிழலே இல்லாத இடத்தில் வைக்கச் சொல்லி மனுக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். கழுகுமலை ரோட்டில் ஒன்று, தேவர்குளத்துக்கும் மானூருக்கும் நடுவில் ஒன்று, குருவிகுளம் பாதையில் ஒன்று. கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் வாருங்கள். எந்த இடத்தில் வேண்டும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதுவரை என் கடைத் திண்ணை இருக்கிறது. பெரிய பானை ஒன்று, மோர் ஒரு சட்டி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கல்லாவுக்குப் பக்கத்தில். பதினொன்றரையிலிருந்து நான்கு மணிவரை யார் வேண்டுமானாலும் படுக்கலாம். கடைக்குப் பின்னால் கழிப்பறை உண்டு, பெண் பிள்ளைகள் வீட்டம்மாவிடம் சாவி வாங்கிக்கொள்ளலாம். வண்டியை வேப்பமரத்துக்குக் கிழக்குப் பக்கம் நிறுத்துங்கள். உச்சி சாய்ந்த பிறகு நிழல் அந்தப் பக்கம்தான் வரும்.

இப்படிக்கு,
முன்னாள் லைன்காரன் ஒருவன்
சங்கரன்கோவில்